மேழிப் பிடியும் எண்ணெய்க் குழாயும்

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பெர்குசன் என்ற பெயரைக் கேள்விப்படாத உழவர் இருக்க மாட்டார். ஆனால், அது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று நான் போகும் ஊர்களில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கம்பெனியின் பெயர் என்பார் ஒருவர். வண்டியின் ரகம் என்பார் மற்றொருவர். அந்தப் பெயருக்கு உரியவர் அயர்லாந்தின் சிற்றூர் ஒன்றில் விவசாயியின் மகனாகப் பிறந்தவர் என்றால், சற்று வியப்புடன் கேட்டுக்கொள்வார்கள்.

அவரைப் பற்றி இப்போது எழுதத் தூண்டியது ஒரு பட்டறை வேலை. வாழைத் தோட்டத்தின் வரிசைகளுக்கிடையே நுழையவும், வரப்புகளால் துண்டு துண்டாகப் பிரிந்த நெல் வயலில் திரும்பவும் ஏற்றது என்று 30 குதிரைத்திறனுக்கு உட்பட்ட சிறு டிராக்டரை நம் பகுதியில் பலரும் வாங்குகிறார்கள். அதன் பின்புறத்தில் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் கைகள் இருக்கின்றன. ஆனால், உழவு முடிந்தபின் அதே வண்டி வேறு வேலைகளும் செய்தாக வேண்டும். எரு ஏற்றிய டிரெய்லரைச் சாய்த்துக் கொட்ட வேண்டும். முன்னால் ஒரு பலகையை மாட்டி மேடு பள்ளத்தைச் சமன்செய்ய வேண்டும். இருபுறமும் புரளும் கலப்பையைப் புரட்ட வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் அழுத்தத்துடன் எண்ணெய் வேண்டும். சிறு வண்டிகள் பலவற்றில் அதற்கான வெளிவாய் ஒன்றுதான் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. எனவே, உரிமையாளர் லேத் பட்டறைக்குப் போய் ஒரு வால்வையும் இரண்டு குழாய்களையும் கூடுதலாகப் பொருத்திக்கொள்கிறார்.

இந்தச் சிறு வேலைக்குப் பின்னால் ஹாரி பெர்குசனின் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இன்றைய வட அயர்லாந்தில், டவுன் கவுண்டியில் உள்ள குரோவெல் என்ற ஊரில் 1884 நவம்பர் 4 அன்று அவர் பிறந்தார். பதினொரு குழந்தைகள் கொண்ட குடும்பம். தந்தை கண்டிப்பும் மதப்பற்றும் மிகுந்த விவசாயி. மகனுக்கோ பண்ணை வேலை பிடிக்கவில்லை. உழவை எளிதாக்கியவர் உழவிலிருந்து தப்பி ஓடியவர் என்பது விந்தைதான். ஆனால், மாட்டின் பின்னால் நடந்து களைத்தவனுக்குத்தான் மாற்று வழி தேடும் அவசரம் இருக்கும். 1902இல் பெல்பாஸ்ட் நகரில் அண்ணன் நடத்திய சைக்கிள், கார் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். இயந்திரம் அவருக்கு உடனே பிடிபட்டது. கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடினார். பிறகு வானம். தானே வடிவமைத்த ஒற்றை இறக்கை விமானத்தில் 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோ என்ற இடத்தில் சுமார் 130 கெஜ தூரம் பறந்தார். அயர்லாந்தில் விமானம் ஓட்டிய முதல் மனிதர் அவரே. அண்ணனுடன் ஒத்துப்போகாமல் 1911இல் தனியே தொழில் தொடங்கினார். அன்றைய அயர்லாந்து அரசியலில் ஆங்கிலேய ஆட்சி நீடிக்க வேண்டும் என்ற அணியில் நின்று, 1914இல் அல்ஸ்டர் தன்னார்வப் படைக்கு ஆயுதம் கடத்தியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்தப் பக்கம் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது முதலாம் உலகப் போர். உணவுப் பற்றாக்குறை அச்சுறுத்திய 1917இல், அரசின் வசமிருந்த டிராக்டர்கள் சரியாக இயங்குகின்றனவா என்று மேற்பார்வையிடும் பொறுப்பை அயர்லாந்து வேளாண் வாரியம் அவரிடம் ஒப்படைத்தது. வில்லியம் சாண்ட்ஸ் என்ற தன் பொறியாளரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். அங்கே அவர் கண்ட குறை எளிமையானது. மாட்டுக்குப் பதில் இரும்பு வண்டியைப் பூட்டியிருந்தார்களே தவிர, கலப்பை பழைய கலப்பையாகவே சங்கிலியில் இழுபட்டு வந்தது. வண்டி வேறு, கலப்பை வேறு. கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கினால் பின்சக்கரங்கள் நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. சக்கரம் சுழல முடியாதபோது வண்டியின் உடலே அச்சைச் சுற்றிச் சுழலும். முன்பக்கம் மேலெழுந்து ஓட்டுநரின் மீதே மல்லாந்து விழும். அந்தக் காலத்தின் புகழ்பெற்ற போர்ட்சன் டிராக்டரில் இப்படி உயிரிழந்தவர்கள் பலர்.

இதைத் தடுக்க வண்டியைக் கனமாக்குவதே வழி என்று மற்றவர்கள் எண்ணினார்கள். கனமான வண்டி மண்ணை இறுக்கும். விலையும் எரிபொருளும் கூடும். பெர்குசன் எதிர்த்திசையில் யோசித்தார். கலப்பையையும் வண்டியையும் ஒரே உடலாக்கிவிட்டால், மண் கலப்பையின் மீது செலுத்தும் விசையே பின்சக்கரங்களைத் தரையில் அழுத்தி வைக்கும். அப்போது இலகுவான வண்டியே போதும். கீழே இரண்டு இணைப்புகள், மேலே ஒன்று என முக்கோணமாக அமைந்த மூன்று புள்ளி இணைப்பு இந்த எண்ணத்தில் பிறந்ததுதான்.

மிச்சமிருந்த சிக்கல் ஆழம். நிலம் ஏறி இறங்கும்போது கலப்பையும் தன் ஆழத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நம் உழவர்கள் இதை மேழியின் வழியாகச் செய்தார்கள். மண் இறுகினால் கைக்குத் தெரியும், பிடியின் அழுத்தத்தை மாற்றுவார்கள், கொழு சற்று மேலேறும், மாடு திணறாது. கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை அல்ல அது. அந்தக் கையின் அறிவை இயந்திரத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? மின்சாரத்தாலும் பல்சக்கரங்களாலும் முயன்று பார்த்துவிட்டு, பெர்குசனும் அவருடைய உதவியாளர்களும் எண்ணெய்க்கு வந்து சேர்ந்தார்கள். மண் கடினமானால் மேல் இணைப்புத் தண்டு முன்னோக்கித் தள்ளப்படும். அது ஒரு சுருள்வில்லை அழுத்தும். வில் ஒரு வால்வை நகர்த்தும். பம்பு எண்ணெயை அனுப்பிக் கலப்பையை இம்மி அளவு உயர்த்தும். இழுவை குறைந்ததும் வில் திரும்ப, கலப்பை பழைய ஆழத்துக்கு இறங்கும். இந்த அமைப்புக்கான காப்புரிமை 1926இல் அவருக்குக் கிடைத்தது. இதைக் கண்டுபிடிப்பு என்பதைவிட, மேழிப் பிடியை எண்ணெய் மொழியில் பெயர்த்தது என்று சொல்வதே பொருத்தம்.

அதன் பின்னும் அவருக்கு நல்ல காலம் உடனே வந்துவிடவில்லை. செய்து காட்ட வண்டி வேண்டுமே! 1933இல் தானே ஒன்றைச் செய்து கறுப்பு வண்ணம் பூசினார். அந்தக் கறுப்பு டிராக்டர் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் உடைமை. 1936இல் டேவிட் பிரவுன் என்ற பல்சக்கர உற்பத்தியாளருடன் கூட்டுச் சேர்ந்து வண்டிகளை விற்றார். பெரிய வண்டி செய்வோம் என்றார் பிரவுன். விலையைக் குறைப்போம் என்றார் பெர்குசன். கூட்டு முறிந்தது.

1938 அக்டோபரில் ஒரு டிராக்டருடன் அமெரிக்கா சென்று, ஹென்றி போர்டின் பண்ணையில் அவர் உழுது காட்டினார். முதிய போர்டுக்கு விளக்கிச் சொல்ல, சாவி கொடுத்தால் ஓடும் சிறிய பொம்மை டிராக்டரையும் பயன்படுத்தினார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒப்பந்தம் அவ்வளவுதான்; எழுத்தில் ஒன்றும் இல்லை. இரு விவசாயி மகன்கள் ஒருவரை ஒருவர் நம்பியதன் விளைவாக 1939இல் போர்டு-பெர்குசன் 9என் டிராக்டர் வந்தது. அந்தக் கூட்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன.

வாய்மொழி ஒப்பந்தம், பேசியவர் இருக்கும் வரைதான். முதியவர் ஒதுங்கிப் பேரன் இரண்டாம் ஹென்றி போர்டு பொறுப்பேற்றதும் கூட்டு முடிவுக்கு வந்தது. 1947இல் போர்டு நிறுவனம் அதே ஹைட்ராலிக் அமைப்புடன் தனியே வண்டியை விற்கத் தொடங்கியது. பெர்குசன் 25 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டுகளுக்கும் மேல் நடந்த அந்த வழக்கு 1952இல் 92.5 லட்சம் டாலருடன் சமரசமாக முடிந்தது. வழக்கு நடந்த காலத்திலேயே அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகிக்கொண்டிருந்தன. பம்பின் அமைப்பை மட்டும் போர்டு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மூன்று புள்ளி இணைப்பு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. பெர்குசன் தரப்பு இதை வெற்றியாகவே கொண்டாடியது. எனக்கு அது வேறு விதமாகத் தோன்றுகிறது. அந்த இணைப்பு பொதுவானதால்தான் இன்று ஒரு நிறுவனத்தின் வண்டியில் இன்னொரு நிறுவனத்தின் கலப்பையை மாட்ட முடிகிறது. அம்பாசமுத்திரத்தில் வாடகைக்கு எடுக்கும் ரோட்டவேட்டர் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று யாரும் கவலைப்படுவதில்லை. அவர் கட்டிக்காக்க நினைத்தது அவர் கையைவிட்டுப் போனதே உலக உழவர்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை.

வழக்குக்கு முன்பே இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் ஆலையில், 1946 முதல் டிஇ-20 என்ற சாம்பல் நிறச் சிறு டிராக்டரை அவர் செய்யவைத்தார். (பிற்காலத்தில் சென்னைப் பக்கம் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் நினைவிருப்போருக்கு இந்தப் பெயர் புதிதல்ல.) பத்தாண்டுகளில் அந்த வண்டிகள் 5 லட்சத்தைத் தாண்டின. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்தை அடைந்தது இந்த வண்டிகளை ஓட்டித்தான்.

இந்த வண்டியில் என்னை ஈர்ப்பவை இரண்டு. முதலாவது அதனுடன் வந்த ஸ்பேனர். உழவரின் அன்றாடச் சரிப்படுத்தல்களுக்கு அந்த ஒன்றே போதும்படி திருகுகளின் அளவுகள் அமைக்கப்பட்டிருந்தன. அதன் தண்டிலேயே அங்குலக் கோடுகள் பொறித்து, கலப்பையைச் சரிசெய்யும் அளவுகோலாகவும் ஆக்கியிருந்தார்கள். உழவரின் கையில் வண்டி அடங்க வேண்டும் என்று எண்ணியவர் செய்த காரியம் அது. இரண்டாவது, கலப்பைக்காக இருந்த எண்ணெயை வெளியே எடுத்துச் சாயும் டிரெய்லரையும் முன்புறச் சுமைதூக்கியையும் இயக்க அவரே வழிசெய்திருந்தார். அதாவது, கூடுதல் எண்ணெய்க் குழாய் என்பது பட்டறைக்காரரின் குறும்பு அல்ல. அந்த அமைப்பைப் படைத்தவரே தொடங்கிவைத்த வழக்கம். ஆனால், அந்த வாய் தன் நிறுவனக் கருவிகளுக்கு என்ற எண்ணத்துடன்தான் திறந்தார். வண்டியும் கருவியும் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவரைவிட்டு நீங்கவே இல்லை.

1953இல் தன் நிறுவனத்தைக் கனடாவின் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைத்தார். விலை பேசும்போது 10 லட்சம் டாலர் வேறுபாடு வந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவுசெய்தார்கள், பெர்குசன் தோற்றார். அடுத்த ஆண்டே புதிய நிர்வாகத்துடன் பிணங்கி வெளியேறினார். எஞ்சிய ஆண்டுகளில் நான்கு சக்கரங்களும் உந்தும் காரில் மனதைச் செலுத்தினார். அந்த நுட்பத்தில் உருவான பந்தயக் கார் 1961இல் இங்கிலாந்தில் ஒரு போட்டியை வென்றபோது அவர் உயிருடன் இல்லை. 1960 அக்டோபர் 25 அன்று தன் வீட்டுக் குளியலறையில் இறந்துகிடந்தார். காரணம், அளவுக்கு மிஞ்சிய தூக்க மருந்து. அது தவறுதலாக நேர்ந்ததா, அவரே தேடிக்கொண்டதா என்று விசாரணையில் முடிவாகவில்லை. மனச்சோர்வும் தூக்கமின்மையும் அவரை நெடுங்காலம் வாட்டியிருந்தன.

அவர் மறைந்த அதே 1960இல்தான் மாஸி பெர்குசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் சிம்சன் குழுமத்தின் தலைவர் எஸ்.அனந்தராமகிருஷ்ணன். நம் கடனாநதிக் கரையின் ஆழ்வார்குறிச்சியோடு பிணைப்புக் கொண்டவர். 1963இல் அங்கே ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரியை நிறுவியவர். கடனாநதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியுடன் கலக்கிறது. பெர்குசனின் பெயர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த வழியில் இந்தப் பள்ளத்தாக்கின் மனிதர் ஒருவரே நின்றிருக்கிறார் என்பதை நம் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

இனி, பட்டறைக்கு வருவோம். எண்ணெய் வழியைத் திறப்பது, குடிநீர்க் குழாயில் ஒரு கிளை எடுப்பது போன்றதல்ல. பெர்குசன் முறையில் பம்பு, பின்புறப் பெட்டிக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும், பி.டி.ஓ. தண்டு சுழன்றால்தான் அது இயங்கும். வால்வு எண்ணெயை உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும். தேவையில்லாதபோது எண்ணெய் நகராது. இன்றைய சிறு டிராக்டர்கள் பலவற்றில் அமைப்பு வேறு. எஞ்சின் ஓடும் வரை எண்ணெய் வால்வுகளின் வழியே ஓடிக்கொண்டே இருந்து பெட்டிக்குத் திரும்ப வேண்டும். இதில் நடுவே ஒரு வால்வைச் செருகி, அதன் வெளிப்போக்கை நேரே பெட்டிக்கு விட்டுவிட்டால், பின்னால் உள்ள தூக்குக் கைகளுக்கு எண்ணெயே போகாது. புதிய வால்வைக் கடந்த எண்ணெய் தூக்குக் கைகளுக்கும் சென்று சேர, தனியான மூன்றாவது வழி உள்ள வால்வு வேண்டும். ஒரு முறையில் கைதேர்ந்த மெக்கானிக் மற்றொன்றிலும் அதையே செய்தால், கலப்பை தூக்காது. அல்லது எண்ணெய் கொதிக்கும்.

இது மட்டுமல்ல. தானாகவே எடையால் இறங்கும் டிரெய்லருக்கு ஒரு குழாய் போதும். கலப்பையைப் புரட்டும் உருளைக்குப் போகவும் வரவும் இரண்டு வேண்டும். தூக்குக் கைகளுக்கும் டிரெய்லருக்கும் ஒரே குழாயிலிருந்து எண்ணெய் போனால், எது இலகுவோ அதுதான் முதலில் எழும். எருவோடு டிரெய்லர் அசையாமல் நிற்க, பின்கைகள் மேலே போகும். இடையில் அடைப்பான் வைக்காத வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். டிரெய்லரின் உருளை நீளும்போது அதை நிரப்பும் எண்ணெய், பல சிறு வண்டிகளில் பல்சக்கரப் பெட்டியிலிருந்துதான் போகிறது. மட்டம் அவ்வளவு குறையும். ஒரே டிரெய்லர் மூன்று பேரின் வண்டிக்கு மாறி மாறி வாடகைக்குப் போகும் நம் ஊரில், சேற்றில் விழுந்த இணைப்பு முனை மண்ணையும் நீரையும் எல்லா வண்டிகளின் பம்புக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். சுமையில் இருக்கும்போது குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கும் மேல் அழுத்தம் இருக்கும். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவிப் பார்ப்பவரின் தோலுக்குள் எண்ணெய் பாய்ந்துவிடும். விரலையே எடுக்க நேரிடும் காயம் அது.

ஆபத்து இருப்பதால் இதையெல்லாம் தடைசெய்துவிட வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். இந்த அளவு நிலத்தை நம்பி வண்டி வாங்கியவர், உழவுக்கு ஒன்று, சுமைக்கு ஒன்று, சமன்செய்ய ஒன்று என்று வாங்கவே முடியாது. கார் பருவத்துக்கும் பிசானத்துக்கும் இடையே வண்டி வேறு வேலை செய்து சம்பாதித்தால்தான் தவணை கட்ட முடியும். அவருக்குக் கூடுதல் குழாய் ஆடம்பரம் அல்ல.

என் அத்தான் ஒருவர் சேரன்மகாதேவிப் பக்கம் இப்படித்தான் தன் சிறு டிராக்டரில் ஒரு வால்வைப் பொருத்தினார். வேலை சுத்தமாகவே நடந்திருந்தது. சில மாதங்கள் கழித்து அதற்குத் தொடர்பே இல்லாத கிளட்ச் பழுதுக்காகச் சென்றபோது, வண்டியில் கைவைத்துவிட்டீர்கள் என்று உத்தரவாதத்தை மறுத்துவிட்டார் விற்பனையாளர். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமல்ல. பல இடங்களில் இதே பதில்தான் வருகிறது. அந்த வால்வைத் தாங்களே பொருத்தித் தருவார்களா என்று கேட்டதற்கு, அந்த மாடலுக்கு அது கிடையாது என்றார்களாம்.

பொருள்களைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமை குறித்து ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் கவனத்துக்குரிய நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. அந்தப் பேச்சு கைப்பேசியோடு நின்றுவிடக் கூடாது. சிறு டிராக்டர் ஒவ்வொன்றிலும் எண்ணெயை எந்த இடத்தில் எடுக்கலாம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு அழுத்தம், எந்த இடத்தில் திரும்ப விட வேண்டும் என்ற வரைபடம் தமிழில் கையேட்டோடு வர வேண்டும். மாநில வேளாண் பொறியியல் துறை மானியத்துக்குத் தகுதியான மாடல்களைப் பட்டியலிடும்போது, இரண்டு வழி வெளிவாய் ஆலையிலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக்கலாம். அதுவரை வாங்கியிருப்பவர்களுக்கு, வரைபடத்தின்படி பொருத்தப்பட்ட வால்வுக்காக உத்தரவாதத்தை மறுக்கக் கூடாது என்று விதி செய்யலாம். பட்டறைக்காரர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்கத் திருநெல்வேலியில் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது, அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது.